கடவுள் மனிதராக முடியுமா? முஸ்லிம், கிறிஸ்தவப் பார்வைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பொருளைப் பற்றி முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பேசிக்கொள்ளும்போது, ஒருவர் சொல்லாத ஒன்றை மற்றவர் மும்முரமாக மறுத்துக்கொண்டிருப்பதையே பெரும்பாலும் கேட்க நேர்கிறது. திரும்பத் திரும்ப எழும் ஐயங்களை, கேட்பவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தச் சமயம் சரி என்று தீர்ப்பு வழங்குவது இதன் நோக்கம் இல்லை. ஆனால் எந்த வாதம் எடுபடும், எது எடுபடாது என்பதில் எனக்குள்ள கருத்தை மறைக்கவும் இல்லை.

கடவுள் மனிதராக வந்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கு என்னதான் பொருள்?

கடவுள் ஒருவரே, அந்த ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இவர்களுள் குமாரன், அதாவது யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் 'வார்த்தை' என்று குறிப்பிடுபவர், மரியாளிடம் மனித இயல்பை ஏற்றுப் பிறந்தார் என்பதே மனுவுருவேற்பு என்னும் கொள்கை. பிதா மனிதரானார் என்றோ, கடவுள் தம் கடவுள்தன்மையைக் கைவிட்டு மனிதராக மாறினார் என்றோ, நல்ல மனிதர் ஒருவர் கடவுள் நிலைக்கு உயர்த்தப்பட்டார் என்றோ அவர்கள் சொல்வதில்லை. இம்மூன்றையும் திருச்சபையே தவறான போதனைகள் என்று விலக்கியிருக்கிறது.

இதற்கு வரையறை தந்தது கி.பி. 451-இல் கூடிய கல்செதோன் சங்கம் (ஆயர்களின் பேரவை). கிறிஸ்து ஒரே ஆள். அவருக்குக் கடவுளியல்பு, மனித இயல்பு என இரண்டு இயல்புகள் உண்டு. அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை, மாறுவதில்லை, பிரிவதில்லை, விலகுவதில்லை என்று அது அறிவித்தது. காப்டிக், ஆர்மீனிய, சிரிய மரபுத் திருச்சபைகள் 'இரண்டு இயல்புகள்' என்ற சொல்லாட்சியை ஏற்கவில்லை. ஆயினும் கிறிஸ்து முழுமையான கடவுள், முழுமையான மனிதர் என்பதில் அவற்றுக்கும் ஐயமில்லை.

முஸ்லிம்களும் ஈஸா நபியை (இயேசுவை) மதிக்கிறார்கள் அல்லவா? பிறகு எதை மறுக்கிறார்கள்?

ஈஸா (அலை) தந்தையின்றிப் பிறந்தவர், மஸீஹ் (மெசியா), இறைவனின் அனுமதியால் அற்புதங்கள் செய்தவர் என்பதை முஸ்லிம்கள் நம்புகிறார்கள். நம்பவில்லையென்றால் அவர்களுடைய ஈமானே (இறைநம்பிக்கையே) நிறைவு பெறாது. குர்ஆன் 4:171 அவரை அல்லாஹ்வின் தூதர் என்றும், மர்யமிடம் அவன் இட்ட அவனுடைய சொல் என்றும், அவனிடமிருந்து வந்த ஓர் ஆன்மா என்றும் கூறுகிறது. அதே வசனம் 'மூன்று' என்று சொல்லாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. தந்தையில்லாப் பிறப்பு கடவுள்தன்மைக்குச் சான்றாகாது என்பதற்கு 3:59 ஆதமைச் சுட்டுகிறது: அவருக்குத் தந்தையுமில்லை, தாயுமில்லை.

மறுக்கப்படுவது, அவர் இறைவன் என்பதும் இறைவனின் மகன் என்பதும் வணங்கப்படத் தக்கவர் என்பதும் ஆகும். 'அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை. அவனுக்கு நிகராக எவருமில்லை' என்ற 112-ஆம் அத்தியாயமும், 'அவனைப் போன்றது எதுவுமில்லை' என்ற 42:11-உம் இந்த மறுப்பின் அடித்தளம். தொட்டில் குழந்தையாகப் பேசிய ஈஸாவின் வாயிலிருந்து குர்ஆனில் (19:30) வெளிவரும் முதற்சொல்லே 'நான் அல்லாஹ்வின் அடியான்' என்பதுதான்.

எல்லாம் வல்லவன் என்றால் மனிதனாக ஆவது மட்டும் அவனால் முடியாதா?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுவே. என் கணிப்பில், விரைவாகத் தீர்ந்துவிடக்கூடியதும் இதுவே. இஸ்லாமிய இறையியலார் எதையும் மூன்றாக வகுப்பர்: இருந்தே தீர வேண்டியது (வாஜிப்), இருக்கவே முடியாதது (முஸ்தஹீல்), இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடியது (ஜாயிஸ்). 1490-இல் மறைந்த இமாம் ஸனூஸியின் அகீதா (நம்பிக்கைக் கொள்கை) நூல் முழுவதும் இந்த வகுப்பின் மீதே கட்டப்பட்டது. இறைவனின் ஆற்றல் மூன்றாவது வகையைப் பற்றியது. தன்னைப் போல இன்னொரு இறைவனைப் படைக்க முடியுமா என்று கேட்டால், அது ஆற்றலின் குறைவைக் காட்டுவதாகாது, கேள்வியில்தான் பொருளில்லை. மனிதனாவதும் இத்தகையதே என்பது அவர்கள் கருத்து.

கிறிஸ்தவ இறையியலும் இந்த விதியை அப்படியே ஏற்கிறது. தன்முரணானது கடவுளின் ஆற்றலுக்குள் வராது என்று 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். கடவுள் பொய்யுரையாதவர் என்று தீத்து 1:2-உம், தீமையினால் சோதிக்கப்படாதவர் என்று யாக்கோபு 1:13-உம் சொல்கின்றன. ஆகவே 'அவரால் முடியாதது உண்டா?' என்று கிறிஸ்தவர் கேட்பது வாதமாகாது. முடியாதவை உண்டு என்பதை அவருடைய மறைநூலே ஒப்புக்கொள்கிறது. மனுவுருவேற்பு தன்முரணா இல்லையா என்பதே எஞ்சும் கேள்வி. முஸ்லிம்களுள் ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (994–1064) வேறு வழி சென்றார்: அல்லாஹ் நாடியிருந்தால் ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டிருப்பான் என்னும் 39:4-ஐக் காட்டி, ஆற்றலுக்கு எந்த எல்லையையும் விதிக்கக் கூடாது என்றார். பிற்கால அறிஞர்கள் அதற்காக அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

சாகாதவர் சாகிறார், எல்லாம் அறிந்தவருக்குத் தெரியவில்லை. இது தன்முரண் இல்லாமல் வேறென்ன?

விவாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா மட்டுமே அறிவார், குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்கிறது. கிறிஸ்தவர் தரும் மரபான விடை இது: கடவுளியல்பின்படி அவர் அனைத்தையும் அறிகிறார், மனித இயல்பின்படி அறியாதிருக்கிறார், கடவுளியல்பின்படி சாவுக்கு அப்பாற்பட்டவர், மனித இயல்பின்படி இறந்தார். ஒன்றை ஒரே வகையில் உண்டென்றும் இல்லையென்றும் சொன்னால்தான் முரண். இங்கே வகை வேறு என்பது அவர்கள் வாதம்.

முஸ்லிம் அறிஞர் இதோடு நிறைவடைய மாட்டார். இயல்பு எதையும் அறிவதில்லை, ஆள்தான் அறிகிறார். கிறிஸ்து ஒரே ஆள் என்றால், அந்த ஆளுக்கு அந்த நாள் தெரியுமா, தெரியாதா என்று அவர் மீண்டும் கேட்பார். இது வலுவான கேள்வி. 681-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் கிறிஸ்துவுக்குக் கடவுள் சித்தம், மனித சித்தம் என இரண்டு உண்டு என்று அறிவித்ததால், அவருடைய அறிவும் அதுபோல இரு நிலைகளில் இயங்கியது என்று கிறிஸ்தவர் விளக்க இடமுண்டு. அந்த விளக்கத்தை மிகுதியாக இழுத்தால் இரண்டு ஆட்கள் என்றாகிவிடும். கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு அப்படிப் போதித்தார் என்று குற்றஞ்சாட்டித்தான் 431-இல் எபேசு சங்கம் அவரைப் பதவி நீக்கியது. 19-ஆம் நூற்றாண்டில் சில புராட்டஸ்டண்ட் இறையியலார், பிலிப்பியர் 2:7-ஐ வைத்து, குமாரன் தம் சில தெய்வீகப் பண்புகளைத் தாமே ஒதுக்கிவைத்தார் என்றார்கள். 'ஒதுக்கிவைத்த பின் அவர் கடவுள்தானா?' என்ற கேள்வி முஸ்லிம்களுக்கு முன்பே கிறிஸ்தவர்களிடமிருந்து அவர்களுக்கு எழுந்தது.

'வெறும் முரண்' என்று ஒரே சொல்லில் தள்ளுபவர் இரண்டு இயல்புகள் என்ற விடையை எதிர்கொள்ளவே இல்லை. 'இது மறைபொருள்' என்று தொடங்கும் கிறிஸ்தவரோ, தம் முன்னோர் பல நூற்றாண்டுகள் சிந்தித்து வைத்திருக்கும் விடைகளை விட்டுவிடுகிறார். மறைபொருள் என்ற சொல் இந்த விடைகளின் முடிவில் வர வேண்டியது.

கடவுள் மாறாதவர் என்று பைபிளே சொல்கிறதே?

மல்கியா 3:6 அவ்வாறு சொல்கிறது. பொய் சொல்லக் கடவுள் மனிதர் அல்லர் என்ற எண்ணாகமம் 23:19-உம் விவாதங்களில் தவறாமல் வரும். ஆனால் அந்த வசனம் கடவுளின் வாக்குறுதி பொய்க்காது என்பதைப் பற்றியது, மனுவுருவேற்பைப் பற்றியது என்று கொள்ள முடியாது. மல்கியாவின் வசனத்துக்கு அக்குவினாஸின் விடை: குமாரன் மனித இயல்பைத் தம்மோடு இணைத்தபோது புதிதாக ஏற்பட்டது அந்த மனித இயல்பில்தான், கடவுளியல்பில் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இது தப்பித்தல் போலத் தோன்றலாம். ஆனால் உலகம் ஒரு காலத்தில் இல்லாதிருந்து பின்னர் படைக்கப்பட்டது என்று நம்பும் எவருக்கும் இதே சிக்கல் உண்டு: படைக்காதிருந்தவன் படைத்தவனாக ஆனால், அது மாற்றம் ஆகாதா? தத்துவவாதிகள் இப்படிக் கேட்டபோது இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111), உலகம் இன்ன காலத்தில் தோன்ற வேண்டும் என்பது இறைவனின் தொடக்கமற்ற நாட்டம்; நாட்டத்தில் மாற்றமில்லை, அதன் விளைவுதான் காலத்தில் நிகழ்கிறது என்றார். மாறாமை என்ற ஒரே காரணத்தால் மனுவுருவேற்பைத் தகர்த்துவிடலாம் என்று நினைக்கும் முஸ்லிம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படைப்பதும், படைப்பைத் தன்னோடு ஒன்றாக இணைத்துக்கொள்வதும் ஒரே தரத்தவை அல்ல என்று அவர் பதில் சொல்லலாம். அப்போது வாதம் மாறாமையைக் கடந்து முந்தைய கேள்விக்கே திரும்பிவிடுகிறது.

சாப்பிட்டவர், தூங்கியவர் எப்படிக் கடவுளாக முடியும்?

ஈஸாவும் அவருடைய தாயும் உணவு உண்டவர்கள் என்று குர்ஆன் 5:75 சொல்கிறது. அல்லாஹ்வைச் சிறுதுயிலும் உறக்கமும் பிடிப்பதில்லை என்பது 2:255. இவ்வசனங்களைக் கேட்டுக் கிறிஸ்தவர் திகைப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம், அவர் உண்மையில் பசிக்கவுமில்லை, வலியுணரவுமில்லை என்று தொடக்க காலத்திலேயே சிலர் போதித்தார்கள். அதை எதிர்த்தவர்கள் அந்தியோகியாவின் இக்னேஷியஸ் போன்ற ஆயர்கள். உயிர்த்தெழுந்த பின்னும் அவர் மீன் துண்டை வாங்கிச் சீடர்கள் முன் உண்டார் என்று லூக்கா 24 எழுதுவது அவருடைய மனித உடல் மெய்யானது என்று காட்டுவதற்காகவே.

5:75-இன் உண்மையான வலு வேறிடத்தில் இருக்கிறது. உணவு தேவைப்படுபவர் பிறவற்றைச் சார்ந்திருப்பவர். சார்ந்திருப்பவர் வணக்கத்துக்குரியவர் ஆக மாட்டார் என்பதே அதன் வாதம். இப்ராஹீமைத் தேடி வந்த விருந்தினர் கதையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்: ஆதியாகமம் 18-இல் அவர்கள் உண்கிறார்கள், குர்ஆன் 11:70-இலோ அவர்களுடைய கைகள் உணவை நெருங்கவில்லை. வானவரே உண்ணாதபோது வானவரின் இறைவன் உண்பதை முஸ்லிம் மனம் எப்படி ஏற்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இது அல்லாஹ் ஒரு பெண்ணிடம் பிள்ளை பெற்றான் என்று சொல்வதாகாதா?

ஆகாது. 780-களின் தொடக்கத்தில் பாக்தாதில் கலீஃபா அல்-மஹ்தி கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவிடம் ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் உரையாடலைத் தொடங்கினார்; அப்படிச் சொல்வது இறைநிந்தை, அதை யார் சொன்னார் என்று திமொத்தேயு திருப்பிக் கேட்டார். 325-இல் நிசேயா சங்கம் வகுத்த 'பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர்' என்ற தொடர் பிதாவுக்கும் குமாரனுக்கும் காலத்துக்கு முன்பிருந்தே உள்ள உறவைக் குறிப்பது. மரியாளுக்கு அதில் இடமில்லை. துணைவியே இல்லாதவனுக்குப் பிள்ளை எப்படி என்று 6:101 கேட்பதைக் கிறிஸ்தவரும் அந்தப் பொருளில் ஒப்புக்கொள்வார். ஆனால் உடல் சாராத 'பிறப்பித்தல்' என்றாலும் இறைவனிடமிருந்து இன்னொருவர் தோன்றுவதை 112-ஆம் அத்தியாயம் விலக்குகிறது என்பதே முஸ்லிம் அறிஞர்களின் நிலை.

வானவர் ஜிப்ரீல் (காபிரியேல்) மனித உருவில் வந்தார், மூஸாவிடம் (மோசேயிடம்) மரத்திலிருந்து குரல் வந்தது. இறைவன் மட்டும் ஏன் வரக் கூடாது?

மர்யமிடம் வந்த ரூஹ் (ஆவி, அதாவது ஜிப்ரீல்) முழுமையான மனிதராகத் தோன்றியதாக 19:17 கூறுகிறது. இது கிறிஸ்தவருக்குத் துணைபோவதாகத் தெரிந்தாலும், உண்மையில் உதவாது. வானவர் படைக்கப்பட்டவர், அவர் மனிதத் தோற்றம் காட்டினாரே ஒழிய மனிதராகவில்லை. கிறிஸ்தவர் சொல்வதோ தோற்றத்தை விட மிகப் பெரியது. அரசன் மாறுவேடத்தில் நகர்வலம் வந்ததைப் போல என்று மேடைகளில் சொல்லப்படும் உவமையும் இதனால்தான் பிழையானது: வேடம் என்றாலே அது, உணவு பற்றிய கேள்வியில் பார்த்த, திருச்சபை எதிர்த்த 'வெறும் தோற்றம்' ஆகிவிடுகிறது.

மரத்திலிருந்து வந்த குரலைப் (28:30) பொறுத்தவரை, அல்லாஹ் அங்கே பேசினான், மரத்துக்குள் குடிபுகவில்லை என்று முஸ்லிம்கள் விளக்குகிறார்கள். படைப்புக்குள் இறைவன் குடிபுகுதல் (ஹுலூல்), படைப்போடு ஒன்றாதல் (இத்திஹாத்) இரண்டையுமே அவர்கள் மறுக்கிறார்கள். இறைவனைக் காண வேண்டும் என்று மூஸா கேட்டபோது, இறைவன் வெளிப்பட்ட மலையே நொறுங்கிப்போனது என்கிறது 7:143.

குர்ஆனில் அல்லாஹ்வின் கை, முகம் எல்லாம் வருகின்றனவே?

வருகின்றன, இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் அவன் கீழ்வானத்துக்கு இறங்குவதாக ஹதீஸும் (நபிமொழியும்) உண்டு. சிலர் இவற்றை அப்படியே ஏற்று 'எப்படி' என்று கேட்பதை விலக்குவர்; சிலர் ஆற்றல், அருள் என விளக்கம் கொள்வர். இரு சாராருமே படைப்பினங்களுக்கு ஒப்பாக இவற்றைப் புரிந்துகொள்வதைத் தடுக்கிறார்கள். கிறிஸ்தவரும் பழைய ஏற்பாட்டில் வரும் 'கர்த்தருடைய கரம்' என்பதை மனுவுருவேற்பாகக் கொள்வதில்லை. எனவே இந்த வாதத்தால் எந்தப் பக்கத்துக்கும் ஆதாயமில்லை.

குர்ஆன் படைக்கப்படாத இறைவார்த்தை. அது நூலாக வரலாம், மனிதராக வரக் கூடாதா?

கிறிஸ்தவர் தரப்பிலிருந்து வரும் கேள்விகளில் மிக நுட்பமானது இதுவே, பழமையானதும்கூட. இறைவனின் வார்த்தை படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா என்று முஸ்லிம்களிடம் கேட்கும் வழியை 8-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலார் தமாஸ்கஸ் யோவான் காட்டினார். பிற்காலத்தில் முஸ்லிம்களுக்குள்ளேயே இது பெரும் பூசலானது. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற முஃதஸிலா என்னும் இறையியல் பிரிவினரின் கொள்கையை கலீஃபா அல்-மஃமூன் 833-இல் அறிஞர்கள் மீது திணித்தார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையிலும் பணியவில்லை. இறுதியில் படைக்கப்படாதது என்பதே சுன்னத் வல் ஜமாஅத்தின் (சுன்னி முஸ்லிம்களின்) கொள்கையாக நிலைத்தது. அஷ்அரி இறையியலார் இதை மேலும் பகுத்தனர்: இறைவனிடம் உள்ள பேச்சு என்னும் பண்பு தொடக்கமற்றது, மையும் தாளும் ஓதுபவரின் குரலும் படைக்கப்பட்டவை.

ஆக, தொடக்கமற்ற ஒன்று காலத்துக்குள், படைக்கப்பட்ட ஒன்றின் வழியாக வந்தடைகிறது என்ற அளவில் ஒப்புமை உண்மையானது. கிறிஸ்துவை முஹம்மது நபியோடு ஒப்பிடுவதைவிடக் குர்ஆனோடு ஒப்பிடுவதே இரு சமயங்களையும் நன்கு விளக்கும். அதற்கு மேல் ஒப்புமை செல்லாது. குர்ஆன் இறைவனின் பண்பு, தனி ஆள் இல்லை. அதை ஓதுவார்கள், போற்றுவார்கள், அதன் முன் ஸுஜூது (சிரவணக்கம்) செய்ய மாட்டார்கள். கிறிஸ்துவையோ கிறிஸ்தவர் வணங்குகிறார்கள். ஈஸா அல்லாஹ்வின் 'சொல்' என்ற 4:171-க்கும், 'ஆகு' என்ற கட்டளையால் படைக்கப்பட்டவர் என்றே முஸ்லிம்கள் பொருள் கொள்கிறார்கள்.

தான் கடவுள் என்று இயேசு எங்கே சொன்னார்?

'நானே கடவுள், என்னை வணங்குங்கள்' என்ற வடிவில் எங்கும் இல்லை. கிறிஸ்தவர்கள் காட்டுவது யோவான் 8:58, 10:30, தோமா அவரை 'என் ஆண்டவரே, என் தேவனே' என்று அழைக்கும் 20:28, பாவங்களை அவர் மன்னிக்கும் மாற்கு 2 ஆகியவற்றை. முஸ்லிம்கள் காட்டுவது, பிதா என்னிலும் பெரியவர் என்னும் யோவான் 14:28-ஐயும், கடவுள் ஒருவரைத் தவிர நல்லவர் எவருமில்லை என்னும் மாற்கு 10:18-ஐயும். இது மறைநூல்களின் நம்பகத்தன்மையைப் பற்றிய வேறொரு விவாதத்துக்குள் சென்றுவிடும். கடவுளால் மனிதராக முடியுமா என்பதும், ஆனாரா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

மன்னிக்க நினைத்தால் மன்னித்துவிடலாமே, மனிதராக வர என்ன அவசியம்?

ஆதம் வருந்தி மீண்டார், இறைவன் மன்னித்தான் (2:37). ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் (6:164). இஸ்லாமியப் பார்வையில் மனிதனின் குறை மறதியும் வழிதவறலும். அதற்குத் தேவை வழிகாட்டுதலும் மன்னிப்பும். அவற்றைத் தூதரும் வேதமும் வழியாக இறைவன் தந்துவிட்டான். இந்தக் கட்டமைப்பில் மனுவுருவேற்புக்கு வேலையே இல்லை.

கிறிஸ்தவப் பார்வையில் குறை இன்னும் ஆழமானது. 4-ஆம் நூற்றாண்டின் ஆயர் அத்தனாசியு, குற்றம் மட்டுமே இருந்திருந்தால் மனந்திரும்புதலே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் மனித இயல்பையே அழிவு பற்றிக்கொண்டது, அதை உள்ளிருந்து குணமாக்க வேண்டும் என்றார். இதைப் பற்றிய தம் நூலை 1098-இல் முடித்த அன்செல்ம், கடவுளுக்கு மனிதன் பட்ட கடனை மனிதனே தீர்க்க வேண்டும், ஆனால் கடவுளால் மட்டுமே தீர்க்க முடியும் என்று வாதிட்டார். அக்குவினாஸ் இவ்வளவு தூரம் போகவில்லை: வேறு வழியிலும் கடவுள் மீட்டிருக்க முடியும், இவ்வழி பொருத்தமானது என்பதே அவர் நிலை. என் எண்ணத்தில், மேலே பார்த்த தருக்கச் சிக்கல்களைவிட இந்த வேறுபாடே அடிப்படையானது. மனிதனுக்கு நேர்ந்தது என்ன என்பதில் இருவரும் ஒத்துப்போகாதவரை, கடவுள் என்ன செய்திருப்பார் என்பதில் ஒத்துப்போக வழியில்லை.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஏற்கிறார்களா?

பெரும்பான்மையினர் ஏற்கிறார்கள். குமாரன் படைக்கப்பட்டவர்களுள் முதல்வர் என்ற ஆரியுவின் போதனையைத்தான் நிசேயா சங்கம் மறுத்தது; யெகோவாவின் சாட்சிகள் இன்று அதற்கு நெருக்கமான நிலையில் இருக்கிறார்கள். திரித்துவத்தை மறுத்த மிகேல் செர்வேத்து 1553-இல் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். மறுபுறம், 'நானே மெய்ப்பொருள்' என்று சொன்னதாகக் கூறப்படும் சூஃபி ஞானி மன்சூர் அல்-ஹல்லாஜ் 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். அவர் ஹுலூலைப் போதித்தாரா, இறைக்காதலில் தன்னை இழந்தாரா என்பதில் முஸ்லிம்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

விண்ணேறிய பிறகு இயேசு மனிதராக இருப்பதை விட்டுவிட்டாரா?

இல்லை என்பதே கிறிஸ்தவ விடை. பல கிறிஸ்தவர்களுக்கே இது புதிதாகத் தோன்றும். ஏற்ற மனித இயல்பைக் குமாரன் ஒருபோதும் களையவில்லை, மகிமையடைந்த அதே உடலோடு இருக்கிறார், நியாயந்தீர்க்க அவ்வாறே வருவார் என்று திருச்சபைகள் போதிக்கின்றன. பணி முடிந்ததும் உடலை நீத்துச் செல்லும் தெய்வங்களின் கதைகளோடு இதை ஒப்பிட முடியாததற்கு இதுவே முதற்காரணம். முஸ்லிம்களின் நம்பிக்கையில், ஈஸா சிலுவையில் கொல்லப்படவில்லை, அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் (4:157–158). இறுதிக் காலத்தில் அவர் நீதியுள்ள ஆட்சியாளராக இறங்கி வருவார் என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. அதன்பின் எல்லா மனிதரையும் போல அவரும் மரணமடைவார், முஸ்லிம்கள் அவருக்கு ஜனாஸா (இறந்தவருக்கான) தொழுகை நடத்துவார்கள்.